சண்டியருக்குச் சொன்னது

கொத்தமங்கலத்தில் அந்தப் பூனைக்குச் சண்டியர் என்று யார் பேர் வைத்தார்களோ, அவர்கள் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டுதான் அதன் இருப்பிடம். அங்கிருந்து ஓட்டு மேலேயே நடந்து வந்து, பின்தெருவின் அடுப்படிகளை வரிசையாக மேற்பார்வை பார்க்கும். உறியில் தொங்கிய மீன்குழம்பு போகும். மூடி வைத்த கருவாடு போகும். மற்றப் பூனைகள் திருடும், ஆளைக் கண்டால் ஓடும். இந்தச் சனியன் திருடிவிட்டு நின்று முறைக்கும். விரட்டப் போனால் காலைப் பிறாண்டும். ஒரு காது பாதி கிழிந்து, கன்னம் இரண்டும் உப்பி, மூக்கில் பழைய தழும்போடு அது சுவர்மேல் உட்கார்ந்திருந்தால் நாய்களே எதிர்ச்சாரியில் ஒதுங்கிப் போகும். கடுவன் பூனை என்றால் அதுவல்லவா கடுவன்!

நாகவல்லிக்கு அதன்மேல் இருந்தது குழம்புக் கோபம் அல்ல. அவள் வீட்டு விறகுப் பரணில் ஒரு பெட்டைப் பூனை குட்டி போட்டிருந்தது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் சண்டியர் உள்ளே புகுந்து, ஒன்று விடாமல் கடித்துப் போட்டுவிட்டது. தாய்ப்பூனை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. நாகவல்லி குட்டிகளை முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பூனைக்குட்டிக்கு இத்தனை அழுகையா என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. ஏன் என்று தெருவுக்கே தெரியும்.

அடித்துக் கொன்றுவிடலாம் என்றால், பூனையைக் கொன்ற பாவத்தை எந்தத் தீர்த்தத்தில் போய்க் கழுவுவது? அதற்கு ஊரில் ஒரே வழிதான் உண்டு. சாக்கில் போட்டுக் கட்டி, ஆறு தாண்டிக் கொண்டுபோய் அவிழ்த்து விட்டுவிட வேண்டும். தண்ணீரைத் தாண்டிய பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது என்பார்கள். அடுத்த தெருச் சின்னக்கருப்பு லாரியில் கிளீனர். வாராவாரம் சரக்கோடு சிங்கம்புணரிச் சந்தைக்குப் போய் வருகிறவன். தன் வீட்டு எருமைக்குக் கழுநீர் எடுக்க தினமும் சாயங்காலம் நாகவல்லி வீட்டுக் கொல்லைக்கு வருவான். அவனிடம்தான் சொன்னாள். "இதென்னக்கா பெரிய வேலை" என்று சாக்கோடு கிளம்பியவன், முழங்கை வரைக்கும் ரத்தம் ஒழுகத் திரும்பி வந்தான்.

"என்னைக்காச்சும் ஒரு நா இதைச் சிங்கம்புணரியில கொண்டுபோய் விடலைன்னா எம் பேரு சின்னக்கருப்பு இல்லக்கா. வாக்குன்னா வாக்குத்தான்."

நல்ல பிள்ளை. கொடுத்த வாக்கை மறக்கத் தெரியாத பிள்ளை.

அந்த வீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாகவல்லியின் புருஷன் தங்கச்சாமிக்கு மாட்டாஸ்பத்திரியில் வேலை. மாட்டைப் பிடித்துக் கட்டுவது, மருந்து புகட்டுவது, கட்டுப் போடுவது எல்லாம் அவன்தான். அவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன, ஆணொன்று பெண்ணொன்று. ரெண்டுக்கு மேல் வேண்டாம் என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருந்த காலம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் முதலில் செய்துகொண்டு ஊருக்கு வழிகாட்ட வேண்டும் என்று மேலே இருந்த ஒருவர் சொன்னார். எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷன், முகாமுக்குப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டான். வீட்டில் குடலிறக்கம் என்று ஒரு பொய். பிள்ளைகள் தவழ்ந்தன, நடந்தன, ஓடி விளையாடின. பிறகு ஒரு விஷக் காய்ச்சல் வந்து இரண்டையும் ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது.

வருஷம் திரும்பியது. நாகவல்லி குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டு வந்து, "இன்னொண்ணு பெத்துக்குவோம்" என்றாள். அன்றைக்குத்தான் தங்கச்சாமி வாயைத் திறந்து உண்மையைச் சொன்னான்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்று கேட்டாள் நாகவல்லி. அவனிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகும் சோறு போட்டாள். துணி துவைத்தாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதை அண்டாவிடம் சொல்லுவாள். "ஏ அண்டா, நாளைக்கு அரிசி இல்லை" என்றால் மறுநாள் அரிசி வந்துவிடும். சாடைப் பேச்சு ஊருக்குப் புதிதா என்ன? மகளைத் திட்டி மருமகளுக்கு உறைக்க வைக்கிற ஊர்தானே! ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியும் வருஷக்கணக்காக அண்டாவை நடுவில் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தியது அந்த ஒரு வீட்டில்தான்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழையில், சண்டியர் யாரிடமோ செமத்தியாகக் கடிபட்டு வந்து சாக்கடை ஓரம் சுருண்டு கிடந்தது. கழுத்து வீங்கிச் சீழ் வைத்திருந்தது. முறைக்கக்கூடத் தெம்பில்லை. தங்கச்சாமி சாக்கைப் போட்டு அமுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் தண்டாயுதபாணி சீழை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இதைக் காயடிச்சு விட்டுருவோம்யா. இல்லைன்னா அடுத்த சண்டையில செத்துப்போகும்."

சாயங்காலம் தங்கச்சாமி ஒரு கூடையோடு வந்து நின்றான். கூடையைப் பார்த்து, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னான்: "சண்டியரே, ஆபரேஷன் முடிஞ்சுபோச்சு. புண்ணு ஆறுற வரைக்கும் இங்குட்டே இரு. போகப் போகக் கோவமெல்லாம் தணிஞ்சிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

ஆபரேஷன்! அந்த வீட்டில் எடுக்கிற சொல்லா அது? அடுப்படியில் கரண்டி விழுந்தது. "குட்டியக் கொன்ன கொலைகாரனுக்கு வைத்தியம் பாக்குற புண்ணியவானும் ஊருல இருக்காக பாரு" என்று அண்டாவிடம் சொன்னாள் நாகவல்லி.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கூடைக்குள் அது காலை அகட்டிப் படுத்திருந்தது. அவளைக் கண்டதும் சீறியது. சீற்றத்தில் உயிர் இல்லை. கண்ணில் பீளை கட்டி, தனக்கு என்ன நடந்தது என்று அதற்கே விளங்காத மாதிரி கிடந்தது. அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாகக் குந்தி உட்கார்ந்தாள்.

"உன்னையவும் கேக்காமத்தான் செஞ்சாகளா?" என்றாள்.

எழுந்துபோய்க் கஞ்சியில் பால் ஊற்றிக் கொண்டுவந்து, கொட்டாங்கச்சியை விறகுக் குச்சியால் தள்ளி அதன் பக்கம் விட்டாள். கையால் வைக்க இன்னும் பயம்தான்.

புண் ஆறியது. அவிழ்த்து விட்டால் ஓடிவிடும் என்று நினைத்தார்கள். ஓடியது. பொழுது சாயத் திரும்பி வந்து கொல்லைச் சுவர்மேல் உட்கார்ந்தது. கொட்டாங்கச்சியை வைத்துவிட்டு அவள் உள்ளே போனபிறகுதான் இறங்கும். சில நாள் கழித்து, அவள் வாசற்படியில் நின்றாலும் இறங்கியது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாலும் தின்றது. ஒருநாள் தன்னை மறந்து அவள் கையை நீட்டிவிட்டாள். பளீரென்று ஓர் அறை! புறங்கையில் மூன்று கோடு. "ஆத்தி, கோவம் இன்னும் மிச்சம் இருக்கே" என்று அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த தங்கச்சாமி பொத்தானைப் போட மறந்து நின்றான்.

தை மாதம் ஒரு காலையில் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சண்டியர் வந்தது. மீனைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. மீனை விட்டுவிட்டு, தன் உப்பின கன்னத்தைக் கொண்டுவந்து அவள் கணுக்காலில் வைத்துத் தேய்த்தது. ஊரையே கடித்த வாய், அவள் காலில் கிடந்து கொர்ரென்று சத்தம் போட்டது. மீன் கையோடு அதைத் தொடவும் முடியாமல், கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எம் பரணுல வந்து என்ன காரியம் பண்ணுனே, படுபாவி" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அண்டாவுக்கு ஓய்வு. பேச்செல்லாம் சண்டியரிடம்தான். "சண்டியரே, ரசம் ஆறிப்போகுது, திங்கிறவுக வந்து திங்கலாம்." "சண்டியரே, ரசத்துல உப்பு ஒரு கல்லு கூடன்னு சொல்லு" என்பான் அவன். "உப்பு கூடுனா நாளைக்கு அவுகளையே வைக்கச் சொல்லு." அண்டாவிடம் பேசினால் அண்டா சும்மா கிடக்கும். இதுவோ இருவருக்கும் நடுவில் வாலைச் சுருட்டி உட்கார்ந்துகொண்டு, அவள் பேசினால் அவள் முகத்தையும் அவன் பேசினால் அவன் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அதற்காகவே இருவரும் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினார்கள். ஒருநாள் தங்கச்சாமி மல்லிகைப்பூ வாங்கி வந்து, "சண்டியரே, இந்தா உனக்கு" என்று அதன் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவன் திரும்பி வந்தபோது பூ அவள் தலையில் இருந்தது. இன்றைக்கு நேராகப் பேசிவிடுவாள், நாளைக்குப் பேசிவிடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவளும்தான். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை என்று எதைச் சொல்வது?

அப்போதுதான் தெருக்கோடியில் ஒரு காதுகுத்து வந்தது. நாகவல்லியும் தட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். குழந்தை ஆசாரியைப் பார்த்து வீறிட்டு அழ, பக்கத்தில் நின்ற நாகவல்லி தூக்கிச் சமாதானப்படுத்தக் கை நீட்டினாள். குழந்தையின் அத்தைக்காரி வெடுக்கென்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "நல்ல காரியத்துல நீங்க எதுக்கு? அங்குட்டுப் போய் உக்காருங்க" என்றாள். இரண்டு பெற்றவளை! பெற்று, பால் கொடுத்து, மண்ணில் வைத்தவளை! நாகவல்லி தட்டை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் தங்கச்சாமி தரையில் உட்கார்ந்து, சணல்கயிற்றை ஆட்டிச் சண்டியரோடு விளையாடிக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டது. நேரே அவனைத் திட்ட முடியாது. அவனோடுதான் பேச்சு இல்லையே. பூனையைப் பார்த்து நின்றாள்.

"காயடிச்சதுக்கெல்லாம் என் வீட்டுல என்ன சிரிப்பு, என்ன விளையாட்டு? ஒரு பிள்ளைக்கு வழி இல்லாமப் பண்ணிப்பிட்டு உக்காந்து சோறு திங்கிற சென்மம்! உன்னைய யாராச்சும் சாக்குல கட்டிக் கொண்டுபோய் ஆத்துக்கு அங்குட்டு விட்டாத் தேவலை. உன் மூஞ்சியில முழிக்காம நான் நிம்மதியா இருப்பேன்."

தங்கச்சாமியின் கையில் கயிறு நின்றுவிட்டது. அவன் எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே போய்விட்டான். சண்டியர் மட்டும் எப்போதும்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்காக உட்கார்ந்திருந்தது.

கொல்லையில் சின்னக்கருப்பு கழுநீர்ப் பானையோடு நின்றதை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது பூனையைக் காணோம். புருஷன் கண்ணில் படாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். பூனையும் ஓட்டுமேல் எங்கேயாவது இருக்கும் என்று நாகவல்லி நினைத்தாள். காதுகுத்துக் கோபம் இறங்கி, சொன்ன சொல் ஒவ்வொன்றும் திரும்பி வந்து அவளைக் குத்திக்கொண்டிருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? சாயங்காலம் அவன் வந்ததும் பேசிவிடுவது என்று தீர்மானம் செய்தாள். நேராக. அவன் முகத்தைப் பார்த்து. அவனுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்தாள்.

தங்கச்சாமி சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தபோது, கொல்லை வழியாகச் சின்னக்கருப்பு சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, வேலை முடிஞ்சுது! கொடுத்த வாக்கைக் காப்பாத்திப்பிட்டேன்ல?"

"என்ன வேலைடா?"

"சண்டியரைத்தான். காலையில லாரியில தூக்கிப் போட்டுச் சிங்கம்புணரிச் சந்தையில விட்டுட்டு வந்துட்டேன். நீங்க சோறு வைக்கிறீகளேன்னுதான் இத்தனை நா சும்மா இருந்தேன். நேத்து நீங்க வயிறெரிஞ்சு சொன்னீகள்ல, கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். அன்னைக்குக் கையைக் கிழிச்ச பயதானான்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சுக்கா! சாக்கை விரிச்சு, சண்டியரேன்னு கூப்பிட்டேன். தானா வந்து உள்ள உக்காந்துக்கிருச்சு."

நாகவல்லி, "நான் அதையாடா சொன்னேன்" என்று வாயெடுத்தாள். வேறு யாரைச் சொன்னாய் என்று அவன் கேட்டால்? வாய் மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். தங்கச்சாமி சைக்கிளைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். அவனும் சின்னக்கருப்பிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. பேசுவதற்கு நடுவில் யாரும் இல்லை.

தங்கச்சாமி லீவு போட்டுவிட்டுச் சிங்கம்புணரிக்குப் போய்த் தேடினான். வெறுங்கையோடு வந்தான். மறுபடியும் போனான், மறுபடியும் அப்படியே வந்தான். அடுத்த சந்தை நாளில் அவன் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது, நாகவல்லி கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து பஸ்ஸில் ஏறினாள். அவன் இரண்டு டிக்கெட்டாக வாங்கினான்.

சந்தைக் கூட்டத்தில் வெட்கம் பார்க்காமல் கூப்பிட்டாள். "சண்டியரே! ஏ சண்டியரே!" ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரை இந்தப் பொம்பளை சண்டைக்கு இழுக்கிறாள் என்று ஒருவன் கேட்டான். வெங்காய மூட்டைகளின் சந்து, மாட்டுவண்டிகளின் அடி என்று ஒன்று விடாமல் பார்த்தாள். கடைசியில் கயிற்றுக்கடைக்காரர் பெத்தன்தான் அவளை நிறுத்தினார்.

"காது கிழிஞ்ச கடுவனாம்மா? மூஞ்சி பெருசா இருக்குமே?"

"ஆமாங்கய்யா, ஆமா. எங்க இருக்கு?"

பெத்தன் பின்னிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுப் பூனையா? பாவம்மா, அப்புராணி. நாலஞ்சு நா இங்குட்டேதான் திரிஞ்சுச்சு. ரெண்டு பேரு நின்னு பேசிக்கிட்டிருந்தாப் போதும், நடுவுல வந்து உக்காந்துக்கிரும். இவுக மூஞ்சியப் பாக்கும், அவுக மூஞ்சியப் பாக்கும். பேச்சு முடிஞ்சு அவுக போயிட்டா, அடுத்து எங்கயாச்சும் ரெண்டு பேரு பேசுறாகளான்னு தேடிப் போகும். அப்படி ஒரு பூனைய நான் பாத்ததே இல்லை."

நாகவல்லி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"முந்தாநேத்து இந்தச் சந்தை நாயிக சூழ்ந்துக்கிருச்சுக. ஓடியிருந்தாத் தப்பிச்சிருக்கும். ஓடலைம்மா. நின்னு முறைச்சுச்சு. அம்புட்டுத்தான் அதுக்குத் தெரிஞ்சுது போல. நான் கம்பை எடுத்துக்கிட்டு ஓடுறதுக்குள்ள…" பெத்தன் கடைக்குப் பின்னால் இருந்த புங்க மரத்தைக் காட்டினார். "அங்குட்டுத்தான் குழி தோண்டி வச்சேன்."

மரத்தடியில் ஈர மண் புடைத்துக் கிடந்தது. தங்கச்சாமி சாக்கைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, புடைத்த மண்ணை இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சமன் செய்தான். பிள்ளைகளைப் புதைத்த அன்றைக்கும் இப்படித்தான், ஆட்கள் வந்து தூக்கும்வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தான் என்று அப்போது சொல்லியிருந்தார்கள். அவள் பார்த்ததில்லை, பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. இன்றைக்குத்தான் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. பெண்கள் சீட்டு காலியாகவே கிடந்தது. நாகவல்லி அதைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலிச் சாக்கு இருவருக்கும் நடுவில் இருந்தது. ஏதோ சொல்ல வந்தவன், பழக்கத்தில் குனிந்து நடுவில் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது அவள் சாக்கை எடுத்துக் கீழே போட்டாள்.

"ஏங்க."

அவன் திரும்பினான்.

"அன்னைக்கு நான் சொன்னது… அதை இல்லைங்க. உங்களைத்தான் சொன்னேன்."

"தெரியும் வல்லி" என்றான் தங்கச்சாமி. "எனக்குத் தெரியும். அதுக்குத்தான் தெரியாமப் போச்சு."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். புறங்கையில் சண்டியர் பிறாண்டிய மூன்று கோடும் அப்படியே இருந்தன.